வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம்? ஹோமா, புரோவா, லினக்ஸா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அந்தக் கணினிகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் அவற்றில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரத்தில் பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கணினி வைத்திருப்போர், காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை இவை.

முதலில் கணினியின் தகுதி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். இன்டெல் செயலி என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி இதைச் சோதித்துச் சொல்லும்.

தகுதி உண்டா? அசல் விண்டோஸ் 10 இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம். ஹோம் வைத்திருந்தால் ஹோம், புரோ வைத்திருந்தால் புரோ கிடைக்கும்.

புதிதாக வாங்குவோருக்கு ஹோம் போதும். பள்ளிப் பாடம், இணையம், தமிழ்த் தட்டச்சு எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பிட்லாக்கர் பூட்டு, வெளியிடத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப், அலுவலகக் கணினிகளை மொத்தமாக நிர்வகிப்பது ஆகியவை புரோவின் கூடுதல் வசதிகளில் சில. தேவைப்பட்டால் பிறகு கட்டணம் செலுத்திப் புரோவுக்கு மாறலாம், கோப்புகள் அழியாது.

தகுதி இல்லையா? கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் இலவசம். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும், 4 ஜிபி இருந்தால் நல்லது. யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதியலாம். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்குப் பதில் அதில் லிப்ரே ஆஃபிஸ் இருக்கும்.

எதைப் பதிந்தாலும் படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.