மா ஓயா முதல் பத்தலங்குண்டு வரை: புத்தளம் கரையில் சாப்பிட, வாங்க, தங்க

கொழும்பிலிருந்து வார இறுதியில் கற்பிட்டி செல்பவர்களில் பலர் விடியற்காலையில் புறப்பட்டு, ஏ-3 வீதியில் எங்கும் நிற்காமல், பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி, நேரே ஹோட்டலுக்குப் போய்விடுகிறார்கள். டொல்பின் பார்க்கிறார்கள், ஹோட்டல் சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள், அடுத்த நாள் அதே வழியில் திரும்புகிறார்கள். இடையில் கடந்துபோன 100 கி.மீற்றருக்கும் கூடுதலான கரையில் சிங்களக் கத்தோலிக்க ஊர்கள், தமிழ் இந்துக் கிராமங்கள், முஸ்லிம் நகரங்கள் என்று ஒவ்வொரு சில மைல்களுக்கும் சமையல் மாறுகிறது. செலவழித்த பணத்தில் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு.

இந்தக் கரைக்கு வழிகாட்டி எழுதுவது புதிய வேலையல்ல. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட 'சிலோன் கசற்றியர்' இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரித்த முன்னோடி நூல். இங்கே நாம் தெற்கிலிருந்து வடக்காக, வீதி போகும் ஒழுங்கில் போகிறோம். கடை, விடுதிப் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். 2019 குண்டுத் தாக்குதல்கள், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடுத்தடுத்து வந்த அடிகளில் பல சிறிய இடங்கள் மூடப்பட்டன அல்லது கைமாறின. பெயர்களைவிட, எந்த ஊரில் எதைக் கேட்பது என்பது அதிக நாள் பயன்படும்.

முதலில் காற்று

இந்தக் கரையின் நாட்காட்டி காற்று. மே முதல் ஒக்டோபர் வரை சோளகம் வீசும். வெளிக்கடல் கொந்தளிக்கும், கடல்மீன் குறையும். தென்மேற்குக் கரை மீனவர்களில் ஒரு பகுதியினர் இக்காலத்தில் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்வதும் இதனால்தான். அதே காற்றுதான் கற்பிட்டிக் களப்பில் பட்டச் சறுக்கு விளையாட்டுக்கு வெளிநாட்டவரை அழைத்து வருகிறது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியடைந்து டொல்பின் பார்க்கும் காலம் ஆகிறது.

மீனும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் ஜனவரி–ஏப்ரல் மாதங்களே கடலுணவுக்கும் கருவாட்டுக்கும் சிறந்தவை. சோளகக் காலத்தில் போனால் கடல்மீனைத் தேடாமல் களப்பு மீன், களப்பு இறால், நண்டு எது இருக்கிறது என்று கேளுங்கள்.

மா ஓயா – மாதம்பை

கொச்சிக்கடையில் மா ஓயாப் பாலத்தைக் கடந்ததும் புத்தளம் மாவட்டம் தொடங்குகிறது. வைக்கால களிமண்ணுக்கும் ஓட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். மீன் குழம்புக்கு மண்சட்டி வாங்க இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை. சட்டியைச் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்தது, மந்தமாக ஒலித்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

வென்னப்புவவிலிருந்து இத்தாலிக்குப் போனவர்கள் ஏராளம். ஊரையே 'குட்டி இத்தாலி' என்கிறார்கள். பெரிய வீடுகள் பல அந்தப் பணத்தில் எழுந்தவை. வென்னப்புவ, மாரவில கரையில் நீச்சல் தடாகத்துடன் கூடிய குடும்ப ஹோட்டல்கள் உள்ளன. சிறு பிள்ளைகளோடு போய் ஒரே இடத்தில் இருக்க விரும்புவோருக்குப் பொருந்தும். சோளகக் காலத்தில் இந்தக் கடலில் பிள்ளைகளை இறக்க வேண்டாம்.

மஹவெவவில் வீதியோரம் முழுவதும் பத்திக் கடைகள். கைவேலைப் பத்திக்கையும் அச்சுத் துணியையும் பிரித்தறிவது எளிது. கைவேலையில் நிறம் துணியின் இருபுறமும் ஏறியிருக்கும். மெழுகு வெடித்த இடங்களில் நூல்போன்ற கோடுகள் ஓடும். ஒரு துண்டு இன்னொன்றைப் போல இராது. வேலைக்கூடம் கடையின் பின்னாலேயே இருந்தால் பார்க்கக் கேளுங்கள். பார்த்த பிறகு விலையை அடித்துப் பேச மனம் வராது.

இந்தக் கரையில் இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் சில தலைமுறைகளுக்கு முன்பு வீட்டு மொழி தமிழ். பாடசாலை மொழி மாற, வீட்டு மொழியும் மாறியது. கடலில் புழங்கும் சொற்களில் தமிழ் இன்னும் மிச்சமிருக்கிறது.

சிலாபம்

சிலாபத்துக்குக் காலையில் போங்கள். களப்பும் கடலும் அருகருகே இருப்பதால் இரண்டின் மீனும் இங்கே சந்தைக்கு வருகின்றன. நண்டுதான் ஊரின் பெயர். சேற்று நண்டு களப்பில் வளர்வது, கனமானது, ஓடு தடித்தது. நீலக்கால் நண்டு மெலிந்தது, இனிப்புச் சதை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரியவேண்டும். வயிற்றில் முட்டையோடு இருக்கும் நண்டை மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். சினையோடு இருக்கும் சிங்கி இறால் விற்பது சட்டப்படியே குற்றம்.

சிறிய சாப்பாட்டுக் கடைகளில் நண்டுக் கறி எல்லா நாளும் இருப்பதில்லை. காலையில் சந்தையில் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருவீர்களா என்று கேட்கலாம். கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வீதியில் பார்க்கும் இறால் பண்ணைகளின் கதையும் தெரிந்திருப்பது நல்லது. 1980களில் பரவிய இத்தொழில் 1996இல் வந்த வெண்புள்ளி நோயால் படுத்தது. கைவிடப்பட்ட குளங்களை இன்றும் காணலாம். அவற்றில் பல கண்டல் காடுகளை வெட்டித் தோண்டப்பட்டவை. பாம்பலயில் 2016இல் திறக்கப்பட்ட கண்டல் அருங்காட்சியகம் பிள்ளைகளோடு போகத் தகுந்தது.

நகருக்குக் கிழக்கே முன்னேஸ்வரம். ஆவணித் திருவிழாக் காலத்தில் சிலாபத்தில் அறை கிடைப்பது கடினம். சைவச் சாப்பாடு தேடுபவர்கள் கோயிலைச் சுற்றிப் பாருங்கள்; இதற்கு வடக்கே அது அரிது.

2019 மே மாதம் சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் நாத்தாண்டியவுக்கு அருகே கொட்டாரமுல்லயில் ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பின்னர் எந்தக் கடைக்கு யார் போவது என்ற கேள்வி இந்தக் கரையில் வெறும் ருசி சார்ந்ததாக இல்லை. சந்தையில் மூன்று சமூகத்தவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்குவது நின்றுவிடவில்லை. வெளியூரிலிருந்து போகும் நாமும் எல்லாக் கடைகளுக்கும் போகலாம்.

உடப்பு

பிரதான வீதியிலிருந்து விலகி, ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலைக் கடந்து கடலோரம் போனால் உடப்பு. தமிழ் பேசும் இந்து மீனவர் கிராமம். ஆடி மாதத்தில் திரௌபதையம்மன் ஆலயத்தில் பாரதக் கதையையொட்டி நடக்கும் உற்சவம் தீமிதிப்போடு முடிகிறது. விருந்தினராகப் போகிறவர்கள் சேலை, வேட்டி அல்லது அடக்கமான உடையில் போவதும், தீக்குழி அருகே கைத்தொலைபேசியோடு முண்டியடிக்காமல் இருப்பதும் ஊரார் எதிர்பார்க்கும் மரியாதை.

அமைதிக் கடல் மாதங்களில் காலையில் கரைவலை இழுப்பதைக் காணலாம். நெத்தலி, சூடை, கும்பளா கரையிலேயே விலைபோகும். கருவாடு வீட்டுப் பெண்களின் வேலை. அவர்களிடமே வாங்கினால் காசு நேரே போய்ச் சேரும். உடப்பில் தங்குவதற்கு வசதி குறைவு. சிலாபத்தில் அல்லது புத்தளத்தில் தங்கிக்கொண்டு அரைநாள் போய்வரலாம். பக்கத்திலேயே ஆனைவிழுந்தான் சரணாலயம்; பழைய குளங்களின் தொடர், 2001 முதல் ராம்சார் ஈரநிலம். பறவை பார்ப்பவர்கள் மழைக்குப் பிந்திய மாதங்களில் போகவேண்டும்.

புத்தளம் நகரம்

கொழும்பிலிருந்து சுமார் 130 கி.மீ. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கிய 'பத்தாலா' இதுவே என்பது பரவலான கருத்து. சுற்றுலாக்காரர் நிற்காத நகரம். சாப்பாட்டுக்கு நிற்கவேண்டிய நகரம். காலையில் பராட்டாவும் மாட்டிறைச்சிக் கறியும், மதியம் களப்பு மீனோடு சோறு, மாலையில் கொத்து. ஒரே தட்டைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து உண்ணும் சஹன் சாப்பாடு திருமண வீட்டுக்கு உரியது, அழைத்தால் மறுக்காதீர்கள். வட்டிலப்பத்தைக் கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்து விற்பவர்களிடம் முதல்நாளே சொல்லி வாங்குவது நல்லது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை தேடி அலையவேண்டாம். மாறாக, மாலையில் கிடைக்கும் நோன்புக் கஞ்சிக்காகவே அந்த மாதத்தில் போகலாம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் வந்து தங்கினர். மன்னாரும் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் இந்த நகரின் பேச்சில் கலந்திருப்பது அதனால். எந்த ஊர் என்று கேட்டால், பலர் இரண்டு ஊர் சொல்வார்கள்.

வாங்குவதற்கு உப்பு. நகரோரத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் வீதியிலிருந்தே தெரியும். கல்லுப்பு ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நல்லது. வில்பத்துவின் எலுவன்குளம் வாயிலுக்குப் போகிறவர்கள் இங்கே தங்குவது வசதி; சாதாரண அறைகள், நியாய விலை. போகும்போது பிளாஸ்டிக் போத்தல்களைத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். கொழும்புக் குப்பையை அருவக்காலுக்குக் கொண்டுவருவதை எதிர்த்து 2018, 2019இல் வீதிக்கு இறங்கிய மக்கள் இவர்கள்.

கற்பிட்டிக் குடாநாடு

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி நகருக்குச் சுமார் 40 கி.மீ. ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல், நடுவில் மணலில் விளையும் வெங்காயமும் மிளகாயும் பூசணியும். வீதியோரக் குவியல்களில் வாங்கலாம். தோட்டங்களின் உரம் கசிந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதால், குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்குக் கிணற்றுநீரைக் கொடுக்காதீர்கள்.

தங்குவதற்கு மூன்று தெரிவுகள். ஆலங்குடாக் கரையில் கபானாக்கள். டொல்பின் படகுகளுக்கு அருகே, விலை கூட. அங்கிருந்து பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். நாட்டின் 900 மெகாவாற் அங்கிருந்து வருகிறது, அதன் சாம்பல் தூசியை அயலவர் சுவாசிக்கிறார்கள். கப்பலடி, கண்டக்குழி, குடாவ பகுதிகள் பட்டச் சறுக்குக்காரர்களுக்குரியவை. காற்றுக் காலத்தில் முன்பதிவின்றி இடம் கிடையாது. கற்பிட்டி நகரிலுள்ள விருந்தினர் வீடுகள் மலிவு. வீட்டுச் சாப்பாடு அங்கேதான் கிடைக்கும். மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்துத் தங்குவார்கள். அந்த நாட்களில் அறைக்காக அலைவதைவிடக் கூடாரத்தோடு போய்ச் சேர்ந்துகொள்வதே வழி.

ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை கடற்படையின் கையில் உள்ளது. அடையாள அட்டையோடு போய் வாயிலில் அனுமதி கேட்கவேண்டும்.

கருவாடு வாங்கும் முறை: மடித்துப் பாருங்கள், விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. மணலில் போட்டதைவிடப் பாயிலோ வலைத்தட்டிலோ காயவைத்தது மேல். உப்புப் படலம் தடித்திருந்தால் நிறைக்குக் காசு கொடுக்கிறீர்கள். கட்டாவும் சுறாவும் திருக்கையும் ஒரே விலையல்ல. வெட்டிய துண்டாக இருந்தால் எந்த மீன் என்று கேட்டே வாங்குங்கள். ஆமை, ஆவுளியா இறைச்சி, பவளப்பாறை, சங்கு என்று யாராவது காட்டினால் விலகிப் போங்கள். முதல் மூன்றும் சட்டவிரோதம். சங்குக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

கடலும் தீவுகளும்

டொல்பின் படகு காலை 6 மணியளவில் புறப்படும். மிதவை அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். கூட்டத்தைத் துரத்திக் குறுக்கே ஓட்டச் சொல்லாதீர்கள். இயந்திரத்தைக் குறைத்துக் காத்திருக்கும் ஓட்டுநரே நல்ல ஓட்டுநர். 1992இல் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளத்திட்டுப் பகுதியில் நங்கூரம் போடுவதும் பவளத்தின் மீது நிற்பதும் அழிவு.

முன்பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: படகு யாருடையது? 2000களில் அரசாங்கம் கற்பிட்டியையும் 14 தீவுகளையும் உல்லாச விடுதி வலயமாக்கத் திட்டமிட்டபோது, காணியும் படகுத்துறையும் பறிபோகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். உச்சமுனையிலும் பத்தலங்குண்டிலும் வாடி போட்டுத் தொழில் செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஊர் மீனவரின் படகில் போனால், அந்தக் குடும்பங்கள் கரையில் நிலைப்பதற்குச் சுற்றுலாவிலும் ஒரு காரணம் உண்டாகும். தீவுக்குப் போனால் வாடிகளுக்குள் கேட்காமல் நுழைவதும் படம் எடுப்பதும் கூடாது. குடிநீர் அங்கே அருமையானது. உங்களுடையதை நீங்களே கொண்டுபோங்கள்.

இரண்டு நாள் மட்டும் இருந்தால்

முதல் நாள் 5 மணிக்குக் கொழும்பிலிருந்து புறப்பட்டு 8 மணிக்குள் சிலாபம் சந்தை. முன்னேஸ்வரம், உடப்பு பார்த்துப் புத்தளத்தில் மதியச் சாப்பாடு. வங்கி வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு மாலையில் கற்பிட்டி. இரண்டாம் நாள் காலையில் கடல், பிறகு கோட்டை, 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம். திரும்பும் வழியில் உப்பு, பத்திக், மண்சட்டி. கருவாட்டைக் கற்பிட்டியை விட்டுக் கிளம்பும்போது மட்டும் வாங்கி, இரண்டு மூன்று தாளில் இறுக்கச் சுற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வருபவர்கள் அதை இருக்கைக்குக் கீழே வைக்காமல் நடத்துநரிடம் சொல்லிப் பொதிகளோடு போட்டால், பக்கத்து இருக்கைக்காரரும் நிம்மதியாக வருவார்.