தங்கத்துக்குப் போன இரண்டு ரயில்கள்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கடற்கரையில் ஸ்காக்வே என்னும் சிற்றூர் உள்ளது. கோடையில் அங்கு வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களிலிருந்து இறங்குவோர், துறைமுகத்தின் அருகிலேயே ஒரு குறுகிய பாதை ரயிலில் ஏறுகிறார்கள். பனிமலைகளையும் அருவிகளையும் பார்த்தபடி வைட் கணவாய் வரை சென்று திரும்புகிறார்கள். தங்கம் தேடி அவ்வழியே போனவர்களின் கதை அவர்களுக்கு வழிநெடுகச் சொல்லப்படுகிறது. 2019-இல் மட்டும் கப்பல் வழியே பத்து லட்சம் பேர் அளவில் அவ்வூருக்கு வந்தார்கள்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலிலும் தங்கத்துக்காகப் போடப்பட்ட ஒரு ரயில் பாதை இருக்கிறது. மாரிகுப்பத்திலிருந்து சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களைக் கடந்து பங்காரப்பேட்டையில் பெரும்பாதையோடு சேர்கிறது. அதில் வேடிக்கை பார்க்க ஏறுவோர் இல்லை. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் ஏறி, இரவில் வீடு திரும்புகிறார்கள்.

இவ்விரு பாதைகளும் ஒரே பத்தாண்டில் தோன்றியவை. கோலார்ப் பாதை 1894-இல் திறக்கப்பட்டது. ஸ்காக்வேயிலிருந்து வைட்ஹார்ஸ் வரையிலான பாதை 1898-இல் தொடங்கி 1900-இல் முடிந்தது. அலாஸ்காப் பாதைக்கு முதல் போட்டது லண்டன். கோலார்ப் பாதை மைசூர் அரசினுடையது என்றாலும், அதை நம்பியிருந்த சுரங்கங்கள் லண்டனில் பதிவான கம்பெனிகளுடையவை. அவற்றுள் ஒன்று பாரம்பரியச் சின்னமாகவும் மற்றொன்று பிழைப்புக்கான வழியாகவும் மாறியது ஏன்? பனிமலையின் அழகு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், எந்த வரலாறு கதையாகச் சொல்லத் தக்கது என்று கருதப்பட்டது என்பதில் இருக்கிறது.

அமெரிக்க வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் 1893-இல் முன்வைத்த எல்லைப்புறக் கோட்பாடு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. ஆளரவமற்ற நிலத்தை நோக்கி முன்னேறிய குடியேறிகளே அமெரிக்கக் குணத்தை உருவாக்கினார்கள் என்பது அதன் சாரம். அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களுக்கு அக்கோட்பாட்டில் இடம் மிகக் குறைவு. வருபவனின் கண்ணுக்குத்தான் அது எல்லைப்புறம்; இருப்பவனுக்கு அது ஊர். தனியொருவன் முதுகில் மூட்டையைச் சுமந்து பனிக்கணவாயைக் கடந்து தங்கம் தேடும் சித்திரம் இக்கோட்பாட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 1896 ஆகஸ்டில் க்ளோண்டைக் பகுதியின் ஓடையொன்றில் தங்கம் கண்ட செய்தி பரவியதும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புறப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அந்தத் தங்கத்தைக் கண்ட குழுவில் ஜார்ஜ் கார்மாக் என்னும் ஒரு வெள்ளையரோடு, கெய்ஷ் உள்ளிட்ட தொல்குடியினரும் இருந்தனர். ஆயினும் நெடுங்காலம் முன்னே நின்றது கார்மாக்கின் பெயரே.

கோலாரின் கதையோ சொற்பொருளிலேயே ஓர் எல்லையில் தொடங்குகிறது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் அரசின் எல்லைகளை அளக்க ஆங்கிலேயர் முனைந்தனர். அப்பணியில் இருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-இல் இப்பகுதியில் மண்ணோடு தங்கம் கலந்திருப்பதாகப் பேச்சு உலவுவதைக் கேட்டார். பரிசு தருவதாக அறிவித்தார். ஊரிகத்து மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னிலையில் கழுவிப் பொன்துகளைக் காட்டினார்கள். மாரிகுப்பத்தருகே மக்கள் சிறு குழிகளில் இறங்கிக் கல்லெடுப்பதையும், கூடைகளில் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அக்கல்லைப் பாறையில் இடித்துத் தூளாக்கி நீரில் அலசுவதையும் அவர் பதிவுசெய்தார். ஆகவே வாரன் கண்டுபிடித்தது தங்கத்தை அன்று. தங்கம் எடுக்கும் மக்களை.

அக்குறிப்பை எழுபது ஆண்டு கழித்துப் படித்தவர் மைக்கேல் லவேல். அயர்லாந்துக்காரரான இவர், நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு எதிரான போரில் பணியாற்றி, பெங்களூரில் ஓய்வாக வாழ்ந்த படைவீரர். தங்க வேட்கை அவரைப் பற்றியது நியூசிலாந்தில்தான். ஓர் எல்லைப்புறத்தின் வேட்கை இன்னோர் எல்லைப்புறத்துக்கு இவ்வாறு இடம்பெயர்ந்தது. 1871-இல் மாட்டு வண்டியில் கோலாருக்குச் சென்றார். 1875-இல் சுரங்க உரிமம் பெற்றார். ஆனால் ஆழத்தில் கிடந்த தங்கத்தை எடுக்கத் தனிமனிதரின் பணம் போதவில்லை. உரிமை பிறர் கைக்கு மாறியது. 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது.

இரு வரலாறுகளும் இங்கேதான் பிரிகின்றன. க்ளோண்டைக்கின் தங்கம் ஓடைப்படுகையில் துகளாகக் கிடந்தது. தட்டும் மண்வெட்டியும் வைத்திருந்த ஒருவன், தொடக்க ஆண்டுகளிலேனும், அதைத் தானே எடுத்துத் தானே வைத்துக்கொள்ள முடிந்தது. கோலாரின் தங்கமோ பாறைக்குள் நரம்பாக ஓடியது. அதைப் பின்தொடர்ந்து சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அவ்வாழத்தில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாளாமல் வெடிக்கவும் செய்யும். அங்கே தேவைப்பட்டவை பெருமுதலும் இயந்திரமும் கூலியாட்களும். வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் எண்ணிக்கை ஏறத்தாழ முப்பதாயிரத்தை எட்டியது. 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் தூரம் கம்பியிழுத்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்தே. எடுத்த தங்கத்தில் தனக்கென ஒரு பங்கு கேட்க முடியாத கூலித்தொழிலாளியை எல்லைப்புற வீரனாகச் சித்திரிக்க எவரும் முன்வரவில்லை.

பெயர்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. க்ளோண்டைக் என்பது ட்ரோண்டெக் என்னும் ஹான் மொழிச் சொல்லை வந்தேறிகள் தம் நாவுக்கேற்பத் திரித்தது. சுத்தியல்கல் ஆறு என்பது அதன் பொருள். சால்மன் மீன்பிடிக்க வலைக்கம்புகளைக் கல்லால் அடித்து ஊன்றிய வழக்கத்தைக் குறிக்கிறது. மீனுக்குப் பெயர்பெற்ற ஆறு, உச்சரிப்புத் திரிந்து தங்கத்துக்குப் பெயர்பெற்றது. கோலாரில் நடந்தது வேறு. கம்பெனியின் ஆங்கிலப் பெயரிலிருந்த சொல்லைத் தமிழர் வயல் என்று மொழிபெயர்த்தனர். சொந்தமாக வயல் இல்லாதவர்களும், பஞ்சத்தில் பிறர் வயலிலும் வேலை கிடைக்காதவர்களும் வந்து சேர்ந்த இடத்துக்கு அப்பெயர் நிலைத்தது. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கோ லைன் என்ற ஆங்கிலச் சொல்லே தங்கிவிட்டது.

தங்க வேட்டையில் ஊர் கைவிட்டுப் போனபோது ஹான் மக்களின் தலைவர் ஐசக், தம் மக்களை ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள மூஸ்ஹைடு என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். தம் பாடல்களும் நடனங்களும் அழிந்துபோகும் என்று அஞ்சி, அவற்றை அலாஸ்காவிலிருந்த உறவினரிடம் ஒப்படைத்துக் காக்கச் செய்தார். தலைமுறைகள் கழித்து அப்பாடல்கள் ஊர் திரும்பின. தங்கவயலின் தொழிலாளரும் தமக்கென ஒன்றைக் காத்தனர்; அவர்கள் நாடியது அச்சகத்தை. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. அவர் 1914-இல் மறைந்தபின், அவருடைய எழுத்துகளை நூலாக்கி நிலைநிறுத்தியதில் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா பதிப்பகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் நடத்திய தமிழன் இதழும் பின்னர் ஜி. அப்பாதுரையார் முயற்சியில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சிந்தனையின் ஒரு முக்கியக் கிளை இவ்வாறு தமிழ்நாட்டுக்கு வெளியே, சுரங்கக் கூலியில் மிச்சம்பிடித்த காசில் காக்கப்பட்டது. 1930-இல் நிர்வாகம் தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய முற்பட்டபோது, தம்மைக் குற்றவாளிகளைப்போல் நடத்துவதை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. இவை எவையும் தங்க வேட்டையின் வழக்கமான கதைகளில் வருவதில்லை.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசின் உடைமையாயின. பின்னர் மத்திய அரசின் கைக்கு வந்தன. 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். எஞ்சியவை சயனைடு மேடு என்று மக்கள் அழைக்கும் கழிவுக் குன்றுகளும், அவற்றின் நடுவே லைன் வீடுகளில் வாழும் குடும்பங்களும். ரயிலின் திசை அதன்பின் மாறிற்று. வேலைக்கு ஆள்கொண்டுவந்த பாதை, வேலைக்கு ஆள்கொண்டுபோகும் பாதையாயிற்று. ஸ்காக்வே ரயிலும் சுரங்கங்கள் மூடப்பட்டதால் 1982-இல் நின்றுபோனதுதான். ஆயின் 1988-இல் அது சுற்றுலாவுக்கென மீண்டும் ஓடத் தொடங்கியது. அவ்வூர் அதற்கு முன்பே, 1976-இல், தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதியாகியிருந்தது.

தங்கவயலையும் ஸ்காக்வேயைப்போல் ஆக்கினால் போதும் என்பது இதற்கு விடையாகாது. மேலிருந்து ரசிக்கும் காட்சியாக வரலாற்றைச் சுருக்குவதன் குறையை இன்று அந்நாட்டினரே உணர்கின்றனர். 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அப்பகுதியைச் சேர்த்தபோது, ட்ரோண்டெக்-க்ளோண்டைக் என்று தொல்குடிப் பெயரை முன்வைத்தே சேர்த்தது. தங்கம் தேடி வந்தவர்களின் சாகசத்துக்காக அவ்விடம் தேர்வாகவில்லை; வந்தவர்களை அங்கிருந்தவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்குச் சான்றாகவே தேர்வாயிற்று. தமிழில் 2024-இல் வெளியான தங்கலான் திரைப்படம் வடாற்காட்டு மக்களின் பார்வையிலிருந்து அதே கேள்வியை எழுப்பியது.

அதே 2024-இல், கழிவு மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை மீட்டெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் ஒரு டன்னுக்கு எவ்வளவு தங்கம் தேறும் என்று மறுபடியும் கணக்கிடப்படுகிறது. 1802-இல் எல்லையளக்க வந்தவரும் மண்ணைக் கழுவித்தான் பார்த்தார். ஆனால் அவர் கழுவிக்காட்டியவர்களையும் தம் குறிப்பில் எழுதி வைத்தார். இன்றைய கணக்கில் அந்த வரி இடம்பெறுமா என்பதைப் பொறுத்தே, விடியற்காலை ரயிலுக்கு மாரிகுப்பத்தில் காத்து நிற்பவர்களின் ஊர் வரலாறாகுமா, வெறும் மேடாகுமா என்பது தீர்மானமாகும்.