சாமராஜநகரின் பெயரும் ஒரு குருவானவரின் அம்மைப் பதிவேடும்

சாமராஜநகருக்கு முற்காலத்தில் அரிகுட்டாரா என்று பெயர். மைசூர் அரசர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார், தம் தந்தை சாமராஜர் பிறந்த ஊர் என்பதால் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். சாமராஜேஸ்வரர் கோயிலையும் அங்கே எழுப்பினார். அந்தத் தந்தை 1796இல், இருபத்திரண்டாம் வயதளவில், பெரியம்மையால் இறந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. அரண்மனைச் சுவரும் தடுக்க இயலாத நோய் அது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறிப்போன கத்தோலிக்க மக்களைத் திரட்டும் பொறுப்பு பிரெஞ்சுக் குருவானவர் ஆபே துபுவாவிடம் வந்தது. பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த அவர் இந்நாட்டு உடை அணிந்து, இந்நாட்டு உணவை உண்டு மக்களிடையே வாழ்ந்தவர். ஊரார் அவரைத் ‘தொட்ட சுவாமி’ என்று அழைத்தனர்.

மேய்ப்பராக வந்தவர் 1803-1804இல் அம்மை குத்தும் பணியில் இறங்கினார். பசுவம்மைப் பால் பம்பாயை வந்தடைந்தது 1802 ஜூன் மாதத்தில்தான். அதைக் காத்து வைக்கக் குளிர்பெட்டி ஏதும் அன்று இல்லை. குத்தப்பட்ட ஒரு பிள்ளையின் கையில் எட்டாம் நாளளவில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்த வேண்டும். ஒரு வாரம் தவறினால் சங்கிலி அறுந்துவிடும். மீண்டும் தொலைவிலிருந்து தருவிக்க வேண்டும். ஆகவே இப்பணிக்கு மருத்துவ அறிவைக் காட்டிலும் ஒழுங்கும், மக்களின் நம்பிக்கையுமே முதன்மையாக வேண்டியிருந்தன. அம்மையை அம்மனின் வருகையாகக் கண்ட ஊர்களில், தாயொருத்தி தன் பிள்ளையின் கையை அந்நியனிடம் நீட்டுவது எளிய செயலன்று. துபுவாவின் முயற்சியால் 25,000க்கு மேற்பட்டோர் அம்மை குத்தப்பெற்றுப் பதிவேட்டில் ஏறினர்.

கிறிஸ்தவர்களுக்குள்ளும் இதற்கு எதிர்ப்பு இருந்ததை மறத்தலாகாது. பசுவம்மைக்கு முந்திய அம்மைப்பால் குத்தும் முறையை, 1722இல் லண்டனில் எட்மண்ட் மாசி என்ற போதகர் பாவச் செயல் என்றே பிரசங்கித்தார். நோயைத் தருவதும் நீக்குவதும் கடவுளின் உரிமை என்பது அவர் வாதம். ஆனால் கொள்ளைநோய்க்குத் தப்புவிப்பதாக வாக்களிக்கும் 91ஆம் சங்கீதத்தைத்தான், ஆலயத்தின் உச்சியில் நின்று சோதனைக்காரனும் எடுத்துக் காட்டினான். வாக்குத்தத்தம் மெய்யே, அதை நம்பிக் கீழே குதிக்க இயேசு மறுத்தார். மாசி இந்தக் காட்சியை எண்ணிப் பார்த்திருந்தால் வேறு பிரசங்கம் பிறந்திருக்கலாம்.

அரண்மனையிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1805இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய மைசூர் அரசகுலப் பெண்கள் மூவரின் ஓவியம், அம்மை குத்தலைப் பரப்பும் நோக்குடையது என்று வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் கருதுகிறார். அதில் புடைவைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டும் பெண்ணை, இளம் கிருஷ்ணராஜரின் மணமகள் தேவஜம்மணி என அவர் அடையாளம் காண்கிறார். அம்மையில் தந்தையை இழந்தவரின் மனைவி அவள் என்பதை எண்ணினால் அந்தக் கைக்குத் தனிப் பொருள் கிடைக்கிறது.

துபுவாவைக் குறையற்றவராகக் காட்ட வேண்டுவதில்லை. இந்து வழக்கங்களைப் பற்றிய அவரது புகழ்பெற்ற நூலின் பெரும்பகுதி, இயேசு சபைக் குரு கேர்தூவின் கையெழுத்துப் படியிலிருந்து பெறப்பட்டது என்பதை 1987இல் சில்வியா மூர் நிறுவினார். மேலும், மனமாற்றப் பணி இந்நாட்டில் பலிக்காது என்றே அவர் தம் கடிதங்களில் எழுதினார். அந்தக் கடிதங்கள் அச்சேறிய 1823ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முப்பது ஆண்டு உழைப்பின் முடிவில், கப்பலேறிய அவர் மீண்டும் இந்தியா திரும்பவில்லை. விளைச்சலைக் குறித்து நம்பிக்கை இழந்த அதே மனிதர்தான், ஹாசனுக்கு அருகே சாத்தள்ளியில் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக ஓர் உழவர் குடியிருப்பை அமைத்துக் கொடுத்திருந்தார். அவர் போனபின்னும் அங்கே உழவு நடந்தது.