ஜில்லா போர்டு போன பிறகு

பள்ளிப்பட்டிலிருந்து நகரிக்குப் போகிறவன் எல்லை எங்கே வருகிறது என்பதைக் கடைப் பலகைகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இந்தப் பக்கத்தில் தெலுங்கும் உண்டு; அந்தப் பக்கத்தில் தமிழும் உண்டு. பள்ளிக்கூடத்துப் பலகையைப் பார்த்தால் சொல்லலாம். இங்கே அரசு மேல்நிலைப் பள்ளி. அங்கே ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளி. இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. எல்லைப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் அதைத் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய இயக்கம் மொழிக்கானது, நிலத்துக்கானது. பள்ளியை ஆள வேண்டியது ஊரா, ஜில்லாவா, ஸர்க்காரா என்பது அதில் ஒரு கேள்வியாகவே இல்லை. ஆனால் விடை மட்டும் மாறிப்போனது. அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 1959 நவம்பரில், ஆந்திரத்தில் பஞ்சாயத்து சமிதிகளும் ஜில்லா பரிஷத்துகளும் வந்திருந்தன. போர்டுப் பள்ளிகள் அங்கே பரிஷத்தின் பெயரைச் சூடிக்கொண்டன. இங்கே 1958-ன் பஞ்சாயத்துச் சட்டம் ஜில்லா போர்டுக்கு முடிவு கட்டியது. ஆரம்பப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களுக்குப் போயின. உயர்நிலைப் பள்ளிகள் சில காலம் தனிப் பிரிவாக நடந்து 1970-ல் அரசுப் பள்ளிகள் ஆயின. 1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்களும் அரசு ஊழியர்கள்.

என் தாத்தா இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஓர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். போர்டில் சேர்ந்து, பரிஷத்தில் ஐந்து மாதம் இருந்து, ஒன்றியத்தில் ஓய்வு பெற்றார், 1980-ல். ஒரு வருஷத்தில் அரசு ஊழியர் என்ற அந்தஸ்தைத் தவறவிட்டவர். அவருக்கு ஸ்தல சுயாட்சி பற்றி எந்த மயக்கமும் கிடையாது. மாற்றலாகிப் போயிருந்த ஓர் ஒன்றியத்தில் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தலில் நின்று மொய் எழுதியவர் அவர். எழுத மறுத்த சக ஆசிரியர் அடுத்த மாதமே பஸ் போகாத ஊருக்கு மாற்றப்பட்டாராம். "சம்பளம் யார் கொடுக்கிறான்னு கேக்காதேடா, எந்தத் தேதியில கொடுக்கிறான்னு கேளு" என்பார். ஆசிரியர் சங்கங்கள் அரசு ஊழியர் அந்தஸ்தைக் கேட்டதன் தத்துவம் முழுவதும் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. அதைப் பரிகசிக்க எனக்கு உரிமையில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிற வங்கி குமாஸ்தா நான்.

1988-ல் இங்கிலாந்தில் வேறொரு விதமாக இது நடந்தது. அந்த ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம், ஸ்தல ஸ்தாபனத்தின் பிடியிலிருந்து விலகி மத்திய அரசின் மானியத்தை நேரே பெற்றுக்கொள்ளப் பள்ளிகளுக்கு வழி திறந்தது. தாட்சரின் அரசு அதை விடுதலை என்றது. அந்த விடுதலை உள்ளூர் கவுன்சிலிடமிருந்துதான், லண்டனிடமிருந்து அல்ல. எனினும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்: விலகுவதற்குப் பெற்றோர் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. 1998-ன் சட்டம் அந்த வகைப் பள்ளிகளை ஒழித்தது. 2010-ல் அகாடமி என்ற பெயரில் அதே விலகல் பரவலாகத் திரும்பி வந்தபோது பெற்றோர் ஓட்டு காணாமல் போயிருந்தது.

இங்கே ஓட்டு என்ற பேச்சே எழவில்லை. தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு 1986 வரை ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே 1981-ல் ஒன்றியத்திடமிருந்து ஆசிரியர்களை எடுத்துக்கொண்டபோது, ஆட்சேபிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றியம் என்று ஒன்று இல்லை. அதற்குள் 1976-ன் அரசியல் சட்டத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோயிருந்தது. கீழேயிருந்து மாநிலம் எடுத்தது. மாநிலத்திடமிருந்து மத்தியும் பங்கு கேட்டது. இரண்டாவதைப் பற்றி நாம் இன்றும் கோபப்படுகிறோம். முதலாவதை நலத்திட்டமாக நினைவு வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் பழைய ஊர்ப் பள்ளிக்காக ஒரு ஒப்பாரி வைத்துவிட்டு முடிப்பது சுலபம். ஆதாரமும் உண்டு. 1958-ல் இதே வட்டாரத்துக் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஜனங்கள் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் மணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவன், பள்ளியைத் தன்னுடையது என்று நினைத்துத்தான் கொடுத்தான். ஆனால் 'ஊர்' என்ற சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகப் பிரயோகிக்கிறோம்! நம் பேச்சில் ஊர் வேறு, சேரி வேறு. ஸ்தல ஸ்தாபனப் பள்ளிகளில் சேரிப் பிள்ளைகளுக்கு இடம் மறுக்கப்பட்டதால்தானே 1920-களில் லேபர் டிபார்ட்மெண்ட் அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் திறக்க வேண்டி வந்தது? இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் பூர்வீகம் அது. தூரத்து ஸர்க்கார் சிலருக்கு அந்நியம். வேறு சிலருக்கு அதுதான் முதல் அடைக்கலம். இதைச் சொல்லாமல் பரவலாக்கம் பேசுவது அசட்டுத்தனம்.

ஆனாலும் பெரிய மனிதர் போனதோடு ஊர்க்காரனின் வாயும் போய்விட்டது. போர்டு மெம்பரிடம் தெருவில் மறித்துச் சண்டை போடலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கலாம். இயக்குநரகத்துக்கு மனுதான் போட முடியும். ஊரை ஜனநாயகப்படுத்துவது என்ற கஷ்டமான வேலையைச் செய்யாமல், ஊரையே கணக்கிலிருந்து நீக்கி நாம் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டோம். 1992-ன் எழுபத்து மூன்றாவது திருத்தம் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க இனங்களின் அட்டவணையில் பள்ளிக் கல்வியைச் சேர்த்தது. இங்கே அது அட்டவணையோடு நின்றது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பலகை மட்டும் இன்றும் கலையாமல் இருக்கிறது. ஆசிரியரின் நியமனம், மாற்றல், சம்பளம் எதிலும் அந்த ஒன்றியத்துக்குச் சொல் இல்லை. எல்லைக்கு அப்பாலும் சம்பளத்தைத் தருவது மாநிலந்தான். பரிஷத்தின் பெயரும் பெரும்பாலும் பெயர்தான்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். ஊரும் சேரியும் ஒரே பாயில் உட்கார வேண்டிய அமைப்பு. காகிதத்தில், போர்டுகூடச் செய்யத் துணியாதது. சில வருஷங்களுக்கு முன் என் கவுண்டருக்கு அப்படிப்பட்ட ஒரு குழுவின் தலைவி, நூறு நாள் வேலையிலிருந்து நேரே, தலைமையாசிரியரோடு வந்தார். அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இது என்னா பணம் சார்?" என்றார். தலைமையாசிரியர், "ஸ்கூல் பணம்மா" என்றார். அந்த அம்மாள் திருப்தியடையவில்லை. எவ்வளவு என்றும், எதற்கு என்றும் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் பாஸ்புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.