கடலோடு கொள்வினை கொடுப்பினை

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில் வளரும் கண்டல் மரங்களுக்கு இரண்டு தட்டுப்பாடுகள் உண்டு. சுற்றிலும் நீர் நிறைந்திருந்தும் அது உவர்நீர். வேர் இறங்கிய சேற்றிலோ ஆக்சிஜன் இல்லை.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உண்டு. அதே அளவு கடல்நீரில் கரைந்திருப்பது 5 மில்லிலிட்டர் அளவே. நீரில் அது பரவும் வேகமும் காற்றில் பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். சேற்றுக்குள் வந்து சேரும் சிறிதளவையும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. ஆகவே வெண்கண்டல் தன் கிடைவேர்களிலிருந்து மூச்சுவேர்களைச் செங்குத்தாக மேலே எழுப்புகிறது. சுரபுன்னை வளைந்த தாங்குவேர்களை ஊன்றுகிறது. இவற்றின் பட்டையிலுள்ள நுண்துளைகள் காற்றை விடும், நீரை விடா. 1955இல் ஷோலாண்டரும் உடன் ஆய்வாளர்களும் சுரபுன்னை இனத்து மரமொன்றின் துளைகளை மசகு பூசி அடைத்தபோது, சேற்றுக்குள் இருந்த வேரில் ஆக்சிஜன் சரிந்தது. ஓதம் ஏறி மூச்சுவேர் மூழ்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது. உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு நீரில் எளிதில் கரைவதால் உள்ளழுத்தம் குறைகிறது. ஓதம் வடிந்ததும் வெளிக்காற்று தானே உள்ளே பாய்கிறது. நெஞ்சுக்கூடும் தசையும் இல்லாத மரம் மூச்சிழுக்கும் விதம் இது. உள்ளே போன ஆக்சிஜனில் ஒரு பங்கு வேரின் தோல் வழியே சேற்றுக்குக் கசிந்து, வேரையொட்டிய நச்சுச் சல்பைடைச் சிதைக்கிறது.

நீரை எடுப்பது இதைவிடக் கடினம். கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். அதை மிஞ்சும் இழுவிசை இருந்தால்தான் நன்னீர் வேருக்குள் வரும். 1965இல் ஷோலாண்டர் குழு கண்டல் கிளைகளை அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தபோது, நீர்க்குழாய்களில் 30 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட இழுவிசை தெரியவந்தது. இலையிலிருந்து நீர் ஆவியாவதே இந்த இழுப்புக்குக் காரணம். ஆகவே வேர் வடிகட்ட, வெயில் இழுக்கிறது. மரம் தன் கையிருப்பிலிருந்து செலவிடுவது சொற்பம். உப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வேரிலேயே தடுக்கப்படுகிறது. சுரபுன்னை அநேகமாக முழுவதையும் தடுக்கும். வெண்கண்டல் சற்றே தாராளம்; உள்ளே வந்த மிச்ச உப்பை இலைச் சுரப்பிகள் வெளியேற்றுவதால், வறண்ட நாளில் இலைமேல் உப்புப் பரல்களைக் காணலாம்.

இலைத்துளை திறந்தால் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும், நீர் போகும். நீர் மிகுதியாகப் போனால் வேரருகே உப்பு குவியும். எனவே கண்டல் மரங்கள் இலைத்துளைகளைச் சிக்கனமாகவே திறக்கின்றன.

ஓதநீர் வந்துபோகும் வரை இந்தக் கணக்கு நேராகும். பிச்சாவரத்தில் முன்பு கூப்பு முறையில் மரங்களை அடியோடு வெட்டிய இடங்கள் வெயில்பட்டுத் தாழ்ந்து குழிந்தன. குழிகளில் தேங்கிய நீர் வற்றி உப்பேறியதால் கண்டல் மீண்டும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே கால்வாய்கள் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டன. உப்பின் செறிவு இறங்கிய பின் நட்ட கன்றுகள் பிழைத்தன.