கர்சரின் முனை எங்கே?

மவுஸ் அம்பு ஏன் சாய்ந்திருக்கிறது? 1968-ல் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை மேடையில் காட்டியபோது அம்பு நேராகத்தான் நின்றது. 1973-ல் வந்த ஜெராக்ஸ் ஆல்டோவில் கர்சருக்குக் கிடைத்த இடம் 16×16 புள்ளிதான். அதற்குள் சாய்ந்த அம்புதான் தெளிவாக வந்தது. முனையும் இடது மேல் மூலைக்குப் போய்விட்டது, அதாவது 0,0.

இளம்பிள்ளை சேலை டிசைனுக்கு ஒரு மென்பொருள் எழுதினப்போ, அம்பை எடுத்துட்டு 32×32 கூட்டல் குறி வைத்தேன். கிளிக் எந்தப் புள்ளியில் விழணும்னு சொல்ற ஹாட்ஸ்பாட்டை 0,0-லயே விட்டுட்டேன். குறியின் நடுவைக் கட்டத்தில் வைத்து அழுத்தினால், இடது மேலே இருக்கும் வேறு கட்டம் நிறம் மாறியது. ஜக்கார்டில் ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். "தறியில ஏத்தியிருந்தா சேலையே போயிருக்குங்க" என்றார் நெசவாளர்.

16,16 என்று ஒரு வரி மாற்றியதும் சரியானது. கர்சர் படத்தை மாற்றினால் ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்து மாற்றுங்க.