வீணையின் விளிம்பு வேலைப்பாடு

தஞ்சாவூர் வீணையின் குடமும் அதை மூடும் பலகையும் சேரும் ஓரத்தில் வெண்ணிறப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதன்மேல் மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகளில் கொடி, பூ, இலை. தண்டியின் இரு ஓரங்களிலும், தண்டி குடத்தோடு சேரும் கழுத்திலும் அதே பட்டையைக் காணலாம். பலகையில் உள்ள இரு வட்டப் பூக்களும் இந்த வேலைப்பாட்டைச் சேர்ந்தவையே.

பார்ப்பவருக்கு இது அலங்காரம். செய்பவருக்கு இதில் வேறொரு வேலையும் இருக்கிறது. பலா மரத்தைக் குடைந்து குடம் செய்த பிறகு பலகையைத் தனியாகத்தான் பொருத்த வேண்டும். அதனால் ஒரே மரத்தில் கடையும் ஏகாண்ட வீணையிலும் அந்த இணைப்பைத் தவிர்க்க முடியாது. துண்டுகளாகச் செய்து சேர்க்கும் ஒட்டு வீணையில் இணைப்புகள் இன்னும் அதிகம். பட்டை அவற்றை மறைக்கிறது. கை பட்டும் இடித்தும் முதலில் தேய்வது ஓரம்தான் என்பதால் அதற்குக் காப்பாகவும் அமைகிறது.

வயலினிலும் இதே அக்கறை உண்டு. அங்கே விளிம்புக்குச் சற்று உள்ளே காடி வெட்டி, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்று மெல்லிய மர இழைகளைப் பதிக்கிறார்கள். ஓரத்தில் விழும் விரிசல் பலகைக்குள் பரவாமல் அது தடுக்கும். கிதாரிலும் உடலைச் சுற்றி மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன விளிம்புக் கட்டு இருக்கும்.

வீணையின் பட்டையில் கோடு விழும் விதம் தனி. வண்ணம் தீட்டுவதில்லை, கீறுகிறார்கள். பட்டையைப் பதித்து மட்டப்படுத்தியதும் கூர்முனைக் கருவியால் கொடியை இழுப்பார்கள். பிறகு அந்தக் கீறல்களில் கறுப்பை நிரப்பி மேற்பரப்பைத் துடைத்து, தேய்த்து எடுக்க, கோட்டுக்குள் போன கறுப்பு மட்டும் தங்கும். கை ஒருமுறை வழுக்கினால் அந்தத் தவறும் கறுப்பாகவே நிற்கும்; அழிக்க வழியில்லை. 18ஆம் நூற்றாண்டில் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள் ஆங்கிலேயருக்குச் செய்துகொடுத்த தந்தப் பெட்டிகளிலும் இதே உத்தி உண்டு. அங்கே கீறலை நிரப்பியது கறுப்பு அரக்கு.

தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 24 மெட்டுகளோடு வீணை இன்றைய அமைப்பைப் பெற்றது என்பது மரபு. பழைய உயர்ந்த வீணைகளில் பட்டை தந்தத்தால் ஆனது. மான் கொம்பும் பயன்பட்டது.

அந்தத் தந்தத்தின் விலை என்ன என்பதைக் கேரள எல்லையை ஒட்டிய கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கூடலூரைத் தாண்டி மலையேறினால் குமுளி, அதற்கப்பால் பெரியாறு காடு. ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே நீண்ட தந்தம் வளரும். வேட்டைக்காரர்கள் கொம்பன்களையே குறிவைத்துச் சுட்டதால், 1980களின் இறுதியில் பெரியாற்றில் வளர்ந்த பெண் யானைகள் நூற்றுக்கு ஓர் ஆண் என்ற அளவுக்கு நிலைமை போனது. கன்று ஈனுவதும் குறைந்தது. அந்தத் தந்தமெல்லாம் வீணைக்குப் போகவில்லை, உலகச் சந்தைதான் விழுங்கியது. ஆனாலும் ஒரு விரல் அகலப் பட்டைக்காகக்கூட யானை சாக வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தையும், 1991இல் செய்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடை செய்தன.

இப்போது வீணைப் பட்டை பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடு. இதைத் தரக்குறைவு என்று சொல்வோர் உண்டு, அது சரியல்ல. பொருள்தான் மாறியது, கீறும் கை மாறவில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். அப்போது பிளாஸ்டிக் பட்டை வழக்கத்துக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பழைய வீணை ஒன்று கைக்கு வந்தால் அதன் பட்டை எதனால் ஆனது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். தந்தம் வயதாக ஆக மஞ்சள் பாயும். குறுக்கே வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். பிளாஸ்டிக்கில் அந்தப் பின்னல் இருக்காது.